ள வராத தம்பி

நொச்சிப்பட்டி கிளை அஞ்சலகம்
4 மார்ச் 2023

அன்புத் தம்பி சவரியப்பனுக்கு, அக்கா சந்தனமேரி எழுதுவது.

யேசுவுக்கே புகழ். வலது முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். நீ, நித்யா, பாப்பா மூவரும் நலமா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன வாரம் அஞ்சல் ஆய்வாளர் வந்தார். "மாசம் முப்பது தபால்கூட வரலைன்னா இந்தக் கிளையைப் பக்கத்து ஊரோட சேர்த்துருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வருடமாக நம் வீட்டு முன்னறையில் நான் நடத்தும் ஆபீஸ். ஆகவே வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர் எல்லோரும் இனி கடிதம்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். நீ போன் செய்தால் எடுக்கமாட்டேன்.

உன் எழுத்தில் பிழை இருக்கும் என்று தெரியும். ஐந்தாம் வகுப்பில் 'நான் தினமும் பல்லிக்குப் போகிறேன்' என்று கட்டுரை எழுதி, அடி வாங்கி, இன்றுவரை ஊருக்கே பல்லியாக இருக்கிறவன் நீ. பரவாயில்லை. தபால் எண்ணிக்கைதான் முக்கியம்.

ஊர்ச் செய்தி ஒன்று. நொச்சிக்குளத்தில் பன்னிரண்டு முளைக்குச்சி அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனியாம். பெயர் ஓஸ்டர்லிங்கம். "எந்த ஊரு லிங்கம்?" என்று கேட்டான் உன் வகுப்புத் தோழன் உடையப்பன். குளத்துக்கு அடியில் கிராபைட் இருக்கிறதாம். பென்சிலுக்குள் இருக்கும் கரிதான், பேட்டரிக் காருக்கு வேண்டுமாம். உடையப்பன், "கரிதானே? எங்க வீட்டு அடுப்புல வந்து அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு" என்கிறான்.

நீ எந்த ஆபீசில் வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்கிறார்கள். எழுது.

உன் அக்கா,
சந்தனமேரி

சென்னை
17 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

யேசுவுக்கே புகழ், முழங்காலுக்கு நல்லெண்ணெய். நாங்கள் மூவரும் நலம்.

முதலில் ஒன்றை முடித்துவிடுகிறேன். பள்ளி, பள்ளி, பள்ளி. வாளி, மிளகாய், தேள். போதுமா? பதினாறு வருடமாக மொழிபெயர்ப்பில் சோறு தின்கிறேன். ள தெரியாமல் இருந்தால் பட்டினிதான். இதை ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடு.

ஆபீஸ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏதோ ஆலோசனை நிறுவனம். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கைகளை நான் தமிழில் எழுதுகிறேன். விவரமாகச் சொன்னால் உனக்குக் கொட்டாவி வரும்.

குச்சிகள் பன்னிரண்டு என்று எழுதினாய், எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே. கரையை ஒட்டியா, குளத்தின் உள்ளேயா? ஓஸ்டர்லிங் மினரல்ஸ் ஆட்கள் வீடு வீடாக வந்து கையெழுத்துக் கேட்டால் யாரும் போட வேண்டாம். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உன் தம்பி,
சவரியப்பன்

நொச்சிப்பட்டி
11 ஏப்ரல் 2023

அன்புத் தம்பிக்கு,

யேசு உயிர்த்தார். முழங்கால் இன்னும் உயிர்க்கவில்லை. உங்கள் மூவருக்கும் பாஸ்கா வாழ்த்து.

நான் லிங்கம் என்றுதான் எழுதினேன். நீ லிங் என்று திருத்தி, மினரல்ஸ் என்று வாலும் வைத்திருக்கிறாய். பேப்பரில் வந்ததா?

குச்சிகள் எல்லாம் குளத்துக்குள்ளேதான். இப்போது அவற்றின் நிலைமை வேறு. ஏழு குச்சிக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். மூன்று குச்சிக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிகிறது. மிச்சம் இரண்டின் ரிப்பனை உடையப்பனின் ஆடுகள் தின்றுவிட்டன. கம்பெனி ஆட்கள் மறுபடி வந்து, பிடுங்கவும் துணியாமல், செருப்போடு கிட்டே போகவும் துணியாமல் திரும்பிவிட்டார்கள்.

கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி நிலவழகன் என்பவர் என் ஆபீசுக்கு வந்தார். நல்ல பிள்ளை, வெள்ளைச் சட்டை. ஊரில் யார் யாருக்குத் தபால் வருகிறது, பட்டியல் வேண்டும் என்றார். தபால் ரகசியம் என்றேன். டீ கொடுத்தேன். அப்போது ஸ்டாம்ப் வாங்க வந்த உடையப்பன் பிடித்துக்கொண்டான்.

"அது அனாதீன நெலம்ங்க. ரெக்கார்டுல ஆளே இல்ல" என்றார் நிலவழகன்.

"ஆளே இல்லையா? அப்ப ஒங்க முன்னாடி நிக்கிறது யாரு, ஆவியா?"

"பட்டா வச்சிருக்கீங்களா?"

"ஒங்க அப்பாவுக்கு நீங்க மகன்னு பட்டா வச்சிருக்கீங்களா?"

நிலவழகன் டீயை முழுதாகக் குடிக்கவில்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது. நம் பங்காளி வகையறா ஏழும் சேர்ந்து வெட்டிய குளம். மூன்று வகையறா கோயிலை மாற்றிக்கொண்டது, குளத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மேய்ச்சல் முறையும் மீன் பங்கும் இன்னும் ஏழாகத்தான் பிரிகின்றன. ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட அது இல்லை. ஊரில் இருக்கிறவனுக்குப் பங்கு, வெளியூர் போனவனுக்குப் பங்கு இல்லை என்று வாய்வார்த்தையாகவே காலம் ஓடிவிட்டது. குளம் போனால் நானூறு ஆடும் நாங்களும் எங்கே போவது?

சந்தனமேரி

சென்னை
29 ஏப்ரல் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

புகழ் யேசுவுக்கு. இங்கே வெயில் கொளுத்துகிறது. பாப்பாவுக்கு வேர்க்குரு. மற்றபடி சுகம்.

ஆமாம், பேப்பரில்தான் படித்தேன்.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். வருவாய் அதிகாரி முன்னிலையில் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே கம்பெனி அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைப் பஞ்சாயத்து ஆபீசில் வைக்க வேண்டும். அதை ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். யாரும் படிப்பதில்லை, அதுதான் அவர்கள் பலம்.

இருபத்தாறு வருடமாகக் குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை. அதனால் அது செத்த குளம், வெறும் தரிசு என்று எழுதியிருக்கிறார்கள். எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். குளம் உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒரே சாட்சி தண்ணீர். வரத்து வாய்க்கால் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது?

சவரியப்பன்

நொச்சிப்பட்டி
3 ஜூன் 2023

அன்புத் தம்பிக்கு,

யேசுவுக்கே புகழ். நடுவில் நான் போட்ட கார்டுக்குப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா, நேரம் சரியில்லையா?

கம்பெனியின் வெளிநாட்டுக்காரரே வந்துவிட்டார். ஆறரை அடி. அந்த வெயிலில் மனிதர் வெந்த இறால் மாதிரி ஆகிவிட்டார். பாவமாக இருந்தது, மோர் கொடுத்தோம். மூன்று செம்பு குடித்தார். அவர் விரித்து வைத்த வரைபடத்தில் ஒரு மூலையை ஆடு தின்றது. கிழக்கு மூலை.

அவர் ஏதோ கேட்க, "குளம் எங்கேன்னு கேட்கிறார்" என்றார் நிலவழகன்.

"நிக்கிறாருல்ல, அதுதான்யா குளம்" என்றான் உடையப்பன்.

"கடைசியா எப்பண்ணே தண்ணி நின்னுச்சு?"

உடையப்பன் ஆட்டை விரட்டப் போய்விட்டான். இருபத்தாறு வருடம் ஆகிறது என்று நான்தான் சொன்னேன். நிலவழகன் அதைக் குறித்துக்கொண்டார்.

நீ கேட்ட வாய்க்காலைப் போய்ப் பார்த்தோம். இரண்டு கிலோமீட்டர் முழுக்கச் சீமைக்கருவேலம். நூறு நாள் வேலையில் அதை வெட்டலாம் என்று பஞ்சாயத்தில் எழுதி வாங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை ஆரம்பம். எனக்கு நம்பிக்கை இல்லை. முள் குத்தப்போகும் கால்களுக்கு மட்டும் மஞ்சள் அரைத்து வைத்திருக்கிறேன்.

சந்தனமேரி

சென்னை
20 ஜூன் 2023
(அஞ்சல் அட்டை)

அக்காவுக்கு, புகழ் யேசுவுக்கு. நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. இன்று ஒரே ஒரு எழுத்துக்காக இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிவிட்டது. பிறகு எழுதிவிட்டேன். வாய்க்கால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? - சவரியப்பன்

நொச்சிப்பட்டி
8 ஜூலை 2023

அன்புத் தம்பிக்கு,

யேசுவுக்கே புகழ். முழங்கால் சுமார். கார்டில் எழுதாதே. சென்னையிலிருந்து இங்கே வரும்வரை நாலு பேர் படித்துவிடுகிறார்கள். நேற்று எனக்கே ஒருவர், "தம்பிக்குக் காபி ஆறிருச்சாமே" என்று துக்கம் விசாரித்தார்.

வாய்க்கால் பாதி முடிந்தது. முள்ளில் மூன்று வேட்டி கிழிந்தது.

தமிழ்ச் சுருக்கத்தைப் பஞ்சாயத்து ஆபீசில் வைத்துவிட்டார்கள். கூட்டம் ஆகஸ்ட் 9. நீ சொன்னபடி ஒரு எழுத்து விடாமல் நானே வாசித்தேன். உடையப்பன் பக்கத்தில் இருந்தான். ஒரு பக்கத்தில் எனக்கு வந்த சிரிப்பில் கண்ணாடியே கழன்று விழுந்தது. பிறகு மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

மொழிபெயர்த்தவன் எவனோ, உன் கூடப் பிறந்தவன் போலிருக்கிறது.

கூட்டத்தில் என்ன பேசப் போகிறோம் என்று எழுதமாட்டேன். உன் ஆபீஸ் பெயரை நீயும்தான் எழுதவில்லை.

சந்தனமேரி

சென்னை
17 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

புகழ் யேசுவுக்கு. எல்லோரும் நலம். எனக்குக் கொஞ்சம் நெஞ்செரிச்சல். காபிதான் காரணம்.

பதினான்காம் பக்கத்தை நீயே வாசி. மெதுவாக, சத்தமாக. உடையப்பனை முன்வரிசையில் உட்கார வை. அவன் கத்தினால் தடுக்காதே.

சவரியப்பன்

நொச்சிப்பட்டி
12 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பிக்கு,

யேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க. தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி நலம். பக்கம் பதினான்கு என்று நான் உனக்கு எழுதவே இல்லை. அது இருக்கட்டும்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வருவாய் அதிகாரி ஒரு பெண், பொறுமைசாலி. முதலில் நிலவழகன் அரை மணி நேரம் பேசினார். ஊருக்கு நூலகம் வருமாம், பூங்கா வருமாம். "ஆடு மேய்க்க எடம் வருமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நிலவழகன் பூங்காவைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார்.

பிறகு நான் மைக்கைப் பிடித்தேன். நீ சொன்னபடி மெதுவாக, சத்தமாக:

"பக்கம் பதினாலு, மூணாவது பத்தி. 'சர்வே எண் 118, நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர், நொச்சிப்பட்டிக் குலத்துக்குச் சொந்தமான நிலம் ஆகும். இக்குலம் கடந்த இருபத்தாறு ஆண்டுகளாகச் செயலற்றுக் கிடக்கிறது.'"

பிறகு உடையப்பன் எழுந்தான்.

"எவன்டா சொன்னது எங்க குலம் செயலத்துக் கெடக்குன்னு? எனக்கு நாலு புள்ளைக! இந்தா உக்காந்திருக்கான் எங்க சித்தப்பா மகன், அவனுக்கு அஞ்சு!"

பந்தலே சிரித்தது. அதிகாரியம்மா தண்ணீர் குடிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். நிலவழகன் பதறிக்கொண்டு வந்தார்.

"மேடம், இது எழுத்துப் பிழை. இங்கிலீஷ்ல குளம், குலம் ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங். தமிழாக்கம் பண்ணினவர் ளவை லவா மாத்திட்டார். குளம்னு படிக்கணும்."

"அப்ப அது குளம்னு ஒத்துக்கிறீங்களா?" என்றேன்.

"இல்லம்மா, இப்ப அது குளம் இல்ல, தரிசு."

"குலமும் இல்ல, குளமும் இல்லைன்னா, பதினாலாம் பக்கத்துல எதைப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க?"

நிலவழகன் அறிக்கையைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். வெளிநாட்டுக்காரர் அவர் காதில் ஏதோ கேட்டார். நிலவழகன் இன்னும் வேகமாகப் புரட்டினார்.

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நெலம் ஒரு குலத்துக்குச் சொந்தம்னு உங்க அறிக்கையே சொல்லுது. பிழைன்னா திருத்திக் கொடுங்க. திருத்தினதை மக்கள் படிக்க மறுபடி அவகாசம் கொடுக்கணும். அதுக்கப்புறம் நானே நேர்ல வந்து பாக்குறேன். குலமா, குளமா, தரிசான்னு கண்ணால பாத்துரலாம்."

கூட்டம் கலைந்தது. அவகாசம், பிறகு ஆய்வு எல்லாம் சேர்ந்தால் நவம்பர் ஆகிவிடும் என்கிறார்கள். நவம்பர் என்றால் மழைக்காலம் தம்பி. வாய்க்காலில் இன்னும் அரை கிலோமீட்டர்தான் பாக்கி. இனி நான் நம்புகிறேன்.

உன் நெஞ்செரிச்சல் எப்படி?

சந்தனமேரி

சென்னை
2 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

புகழ் யேசுவுக்கு. நெஞ்செரிச்சல் போய்விட்டது. வேலையும் ஏறக்குறைய போய்விட்டது. பகலில் வீட்டில்தான் இருக்கிறேன். நித்யா முருங்கைக்கீரை ஆயக் கொடுக்கிறாள்.

ஆபீசில் ஒரு எழுத்துப் பிழை சம்பந்தமாக விசாரணை. வேண்டுமென்றே செய்ததாக முடிவானால் வழக்குப் போடுவார்கள். தெரியாமல் செய்ததாக முடிவானால் நான் வெறும் மக்கு, வீட்டுக்குப் போகலாம். ஆகவே, நான் மக்கு என்று நிரூபிக்க மூன்று வாரமாகப் பாடுபடுகிறேன். பதினாறு வருட வேலை குறுக்கே நிற்கிறது. "உங்கள் தமிழில் இதுவரை ஒரு பிழைகூட இல்லையே" என்கிறார்கள். பாராட்டு இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை.

சொந்த ஊர் என்ற கட்டத்தில் திருச்சி என்று எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது நொச்சிப்பட்டி எங்கே இருக்கிறது என்று விளக்கச் சோம்பலாக இருந்தது. இப்போது அந்தச் சோம்பல்தான் காப்பாற்றுகிறது.

மழை வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது.

சவரியப்பன்

நொச்சிப்பட்டி
24 நவம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

யேசுவுக்கே புகழ். முழங்கால் வலி தாங்கவில்லை. ஈரக் காற்று. இவ்வளவு சந்தோஷமான வலி எனக்கு வந்ததில்லை.

எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் உண்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

அக்டோபரில் கம்பெனியிடமிருந்து ஏழு வகையறாவுக்கும் ஏழு பதிவுத் தபால் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே ஒரே வரி: 'பக்கம் 14-ல் குலம் என்பதைக் குளம் எனத் திருத்தி வாசிக்கவும்.' உடையப்பன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அட, கம்பெனியே குளம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருச்சே" என்று சட்டைப் பையில் வைத்தான். இன்னும் எடுக்கவில்லை.

நவம்பர் 4 அன்று பிடித்த மழை ஆறு நாள் விடவில்லை. ஏழாம் நாள் காலையில், வெட்டி முடித்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நுரை, பிறகு முள்ளும் சருகும், பிறகு தண்ணீர். இருபத்தாறு வருடம் பார்க்காதது. ஆடுகள்தான் முதலில் கத்தின.

20-ஆம் தேதி அதிகாரியம்மா ஆய்வுக்கு வந்தார். நிலவழகனும் வெளிநாட்டுக்காரரும் கரையில் நின்றார்கள். "சார், இங்கிட்டு நில்லுங்க. அங்கிட்டு ஆழம்" என்றான் உடையப்பன். அதிகாரியம்மா மடைக்கல்லில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டார். "இது நீர்நிலை. இங்க சுரங்கத்துக்கு எடமில்லை" என்றார். முந்தாநாள் கம்பெனி கரையில் போட்டிருந்த தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டது. வேறு எங்கோ பார்க்கிறார்களாம். அந்த ஊரிலும் குளம் இருக்கட்டும்.

இனி உன் விஷயம். நேற்று நிலவழகன் வந்தார். டீயை முழுதாகக் குடித்தார். "ஒங்க தம்பி ஒருத்தர் மெட்ராஸ்ல இருக்காராமே, மொழிபெயர்ப்பு வேலையாமே?" என்றார்.

"அவனா? அவனுக்கு ள வராதுங்க. ஊரே பல்லின்னுதான் கூப்பிடும்" என்றேன்.

"அவர் எழுதின கடிதம் ஏதாவது இருந்தா பாக்கலாமா?"

தபால் ரகசியம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடி வருவார்.

ராத்திரி உட்கார்ந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பள்ளி, வாளி, தேள், குளம். ஒரு இடத்தில்கூட நீ பிசகவில்லை. உனக்கு ள வரும் என்று நீ ஊரில் சொல்லச் சொன்னாயே, நல்லவேளை, நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடிதங்கள் இப்போது அரிசிப் பானைக்கு அடியில் இருக்கின்றன.

வேறு ஒன்றும் கேட்கமாட்டேன். ஒரே ஒரு கார்டு எழுது. கவனமாக எழுது. வந்தவுடன் மேசைக் கண்ணாடிக்கு அடியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பேன்.

உன் அக்கா,
சந்தனமேரி

சென்னை
1 டிசம்பர் 2023
(அஞ்சல் அட்டை)

அன்புல்ல அக்காவுக்கு,

யேசுவுக்கே புகழ். நாங்கல் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பாப்பா பல்லிக்குப் போயிருக்கிறால். நித்யா வெல்லைப் பணியாரம் சுடுகிறால். என் பழைய வேலை போய்விட்டது, எழுத்துப் பிழை அதிகமாம். கவலை இல்லை. பில்லைகலுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

கிறிஸ்துமசுக்கு மூவரும் வருகிறோம். மீன் பிடிக்கும் நால் எது என்று எழுது. வெலியூர் போனவனுக்குப் பங்கு இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். குலத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டுதானே, அக்கா?

இப்படிக்கு,
பல்லி